நீலம் வராத உத்திரம்

ஜூன் 4

பூஞ்சைக்காரிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததுமே உறையைப் பிரிக்காமல் ஓரமாகத் தள்ளிவிடுவாய் என்று உன் அண்ணன் சொல்கிறார். தள்ளவில்லை என்றால் மீதியையும் படி. சண்டை போட எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன்.

கீழே அவருடைய தையற்கடையில் கொஞ்ச காலமாக மேலேயிருந்து தூள் விழுகிறது. மாடியில் பிள்ளைகள் ஆடும்போது மண் உதிர்கிறது என்று முதலில் நினைத்தோம். மண் இல்லை. பழுப்பாக இருக்கிறது, விரலில் தேய்த்தால் மாவாகிறது. போன வாரம் யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையெல்லாம் விழுந்து, துவைத்தும் போகவில்லை. அவருக்குச் சட்டையைப் பற்றித்தான் கவலை. எனக்கு அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவலை.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். நடு உத்திரம், மாடிக் குளியலறையைத் தாங்குகிற சுவருக்குள் நுழைகிற இடம் கறுத்திருக்கிறது. அந்தச் சுவருக்குள் குழாய் கசிகிறது, அது பழைய கதை. மூக்கைக் கொண்டுபோனால் ஈர வாடை, காளான் வாடை. சுவரில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ ஓடுகிறது. கரையான் என்று நினைத்து மருந்தடித்தேன். ஒரு கரையான்கூடச் செத்து விழவில்லை. தச்சரைக் கூப்பிட்டால், "மேல பலகையெல்லாம் பிரிச்சாத்தாம்மா தெரியும், மழை போகட்டும்" என்கிறார். பலகையைப் பிரித்தால் என் ஆட்ட வகுப்பு போய்விடும்.

போன வருஷம் நீ வந்திருந்தபோது பெற்றோர்கள் முன்னால் நின்றுகொண்டு, "இந்தத் தளம் ஒருநாள் கீழ இறங்கத்தான் போகுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அதற்கப்புறம் எத்தனை பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றார்கள் என்று உனக்குத் தெரியாது. அது நீ படித்து வளர்ந்த அறை. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் வகுப்பாக்கிவிட்டேன். அந்தக் கோபம்தான் அப்படிப் பேசவைத்தது, எனக்குத் தெரியாதா? ஆனால் வாய் வைத்துவிட்டாயே. இப்போது பிள்ளைகள் ஒன்றாகக் காலை மிதிக்கும்போதெல்லாம் உன் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

மரத்தைத் தின்கிற பூஞ்சையை வைத்துத்தானே ஆராய்ச்சி செய்கிறாய். இது அதுதானா, சொல்.

அண்ணி

பி.கு.: போன் செய்யாதே. எதிர் மருந்துக்கடையில் போய்த்தான் நான் பேச வேண்டும். நாம் பேசினால் சண்டையில் முடியும், தெருவே நின்று கேட்கும்.


ஜூன் 11

அண்ணி,

உறையை வாசற்படியில் நின்றபடியே கிழித்தேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

அன்றைக்குச் சொன்னது விளையாட்டுக்கு. சரி, பாதி விளையாட்டு. மீதிப் பாதி நீங்கள் சொன்னதுதான். என் மேஜை இருந்த இடத்தில் யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒரு உத்திரத்தைக்கூட ஏறிப் பார்க்காமல் வாயை விட்டேன். இந்த முறை அளந்து பேசுகிறேன்.

நான் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுவது லாக்கேஸ் என்ற ஒரு நொதியோடு. மரத்தில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று வெள்ளை நார். இன்னொன்று அந்த நாரையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற பழுப்புப் பசை, லிக்னின் என்போம். பூஞ்சைக்கு வாயுமில்லை, பல்லுமில்லை. அதனால் இந்த நொதியை உடம்புக்கு வெளியே கசியவிடும். அது பசையிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துத் தண்ணீராக்கிவிடும். பறிகொடுத்த பசை பிடிப்பு விட்டுப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், சோதனைக் குழாயில் இது எதைக் கொடுத்தாலும் தின்னும், விருந்து வீட்டில் அண்ணன் மாதிரி. ஆனால் காட்டில் அதன் சொந்தச் சாப்பாடு எது, எந்த வேலைக்காக இது இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பசையை உடைக்க என்பார் ஒருவர். தன் விதைத்தூளுக்கு நிறம் பூச என்பார் இன்னொருவர். பக்கத்துப் பூஞ்சை எல்லை தாண்டி வந்தால் சண்டை போட என்று நான் சொல்வேன். இந்தச் சண்டையில்தான் எனக்குச் சம்பளம்.

இதோடு ஒரு சின்ன பாட்டில் அனுப்புகிறேன். ஒரு மரத்துப் பிசினைச் சாராயத்தில் கரைத்தது. முதலில் நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விடுங்கள். கிழங்குக்குள்ளும் இதற்குப் பங்காளி நொதிகள் உண்டு, நீலமாகும். நீலமானால் மருந்து கெடவில்லை என்று அர்த்தம். பிறகு உத்திரத்தின் ஈரப் பகுதியைக் கொஞ்சம் சுரண்டி, அங்கே ஒரு சொட்டு. பூஞ்சை உயிரோடு தின்றுகொண்டிருந்தால் கண்ணெதிரே நீலம் பூக்கும்.

நீலம் வந்தால் அன்றைக்கே வகுப்பை நிறுத்துங்கள். வராவிட்டால் பயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடச் சொல்லுங்கள். இதை நானே சொல்கிறேன், என் அறையைப் பற்றி.

உங்கள் நாத்தனார்


ஜூன் 17

பாட்டில் வந்து சேர்ந்தது. நீ எழுதியதில் பாதி புரியவில்லை. சொட்டு வைக்கத் தெரியும், அது போதும்.

ஆனால் கை வரவில்லை. வந்ததிலிருந்து அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். "குடு, நான் வைக்கிறேன்" என்கிறார் உன் அண்ணன். கொடுக்கவில்லை. நீலம் வந்தால் வகுப்பை நிறுத்து என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். நிறுத்திவிட்டு நான் என்ன செய்வேன்? கீழே உட்கார்ந்து பட்டன் தைப்பேனா?

இன்றைக்கு ஒரு குட்டி ஆடிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நின்று, "டீச்சர், தரை மூச்சு விடுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல் மட்டும்தான் சிரித்தது.


ஜூன் 22

பூஞ்சைக்காரி, நீ நல்லா இருப்பாய்!

முதலில் கிழங்கு. நீலமாகிவிட்டது, பார்க்கவே அருவருப்பாக இருந்தது, சமைக்க மனசு வராமல் தூக்கிப் போட்டேன். பிறகு, உத்திரம் நுழைகிற இடம் எது என்று மேலிருந்து பார்க்க மாடிக் குளியலறை வாசலில் குனிந்தேன். பாட்டில் சாய்ந்து முதல் சொட்டு தவறி, குளியலறைக் கதவு நிலையின் அடியில் விழுந்தது. விழுந்த இடம் கொஞ்ச நேரத்தில் நீலமாகிப் படர ஆரம்பித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிலை வெளுத்துப்போய் நார் நாராகக் கையோடு வருகிறது.

பிறகு கீழே கடையில் உன் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஏறி உத்திரத்தில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை! இன்னொரு சொட்டு, இன்னும் உள்ளே சுரண்டி. அதிலும் இல்லை. உத்திரம் நெடுக வைத்துப் பார்த்தேன், தேநீர் சிந்தின மாதிரி மருந்தின் நிறம்தான் இருக்கிறது, நீலம் மருந்துக்குக்கூட இல்லை. கதவு நிலையை மட்டும் அன்றைக்கே பெயர்த்து எறிந்துவிட்டு, தச்சரை வைத்துப் புது நிலை போட்டாயிற்று. கல்லு மாதிரி இருக்கிறது.

உத்திரம் பார்வைக்கு அழகாக இல்லைதான். பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாகச் சாக்லேட் கட்டி மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது, ஒரு கட்டத்தை நெம்பினால் கையில் வந்து பொடியாகிறது. வயசானால் யாருக்குத்தான் சுருக்கம் விழாது? நீலம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 6 சாயங்காலம் வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சியை மாடியிலேயே வைத்திருக்கிறேன். நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கும் நானே போய், "ஆராய்ச்சி செய்யற என் நாத்தனாரே பார்த்துச் சொல்லிட்டா" என்று சொல்லிக் கூப்பிட்டேன். பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குதிக்கிற மாதிரி அமைத்திருக்கிறேன். நீயும் வா. உன் மேஜை இருந்த இடத்தில் உனக்கு நாற்காலி.

அண்ணி


ஜூலை 6, மத்தியானம்

அண்ணி,

உங்கள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். மாதிரி சேகரிக்கக் காட்டுக்குப் போயிருந்தேன், இன்று காலைதான் திரும்பினேன். கடிதம் மேஜையில் இத்தனை நாளாகக் கிடந்திருக்கிறது.

நான் தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மருந்துக்கடை எண்ணுக்கு டிரங்க் கால் கேட்டிருக்கிறேன். உங்கள் பக்கம் மழை, லைன் கிடைக்கவில்லை என்கிறார்கள். தந்தியும் கொடுத்திருக்கிறேன், அது எப்போது வந்து சேருமோ. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்ன முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கப் பயமாக இருக்கிறது.

நீலம் வராததுதான் ஆபத்து, அண்ணி. நீலம் வராததுதான்.

பழுப்பு, கட்டம் கட்டமாக வெடிப்பு, பொடியாவது. படித்ததும் நேரே இங்கே ஓடி வந்தேன். மரம் தின்னும் பூஞ்சையில் இரண்டு சாதி. என்னுடையது பசையை உடைக்கிற சாதி. அது தின்ற மரம் வெளுத்து நார் நாராகும், உங்கள் கதவு நிலை மாதிரி. அதற்குத்தான் லாக்கேஸ் வேண்டும், அதற்குத்தான் நீலம் வரும். இன்னொரு சாதிக்குப் பசையே வேண்டாம். அதைச் சும்மா தளர்த்திவிட்டு, அதற்குள் புகுந்து நாரை மட்டும் உருவித் தின்றுவிடும். கான்கிரீட்டில் கம்பியை உருவிவிட்டு சிமெண்டை மட்டும் விட்டுவைத்த மாதிரி. மிஞ்சுவது பழுப்புத் தூள், அது அண்ணன் தோளில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாதி என் நொதியைப் பெரும்பாலும் கசியவிடுவதே இல்லை. அதற்கு அது தேவையில்லை. வெளியே நல்ல மரமாகத் தெரியும்போதே பாதி பலம் போயிருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம்.

ஆனால் என் ஆய்வகத்தில் இருக்கிற பூஞ்சையெல்லாம் நீலம் காட்டுகிறவை. வருஷக்கணக்காக நீலம் என்றால் பூஞ்சை, இல்லையென்றால் இல்லை என்று கண் பழகிவிட்டது. நீங்கள் முதல் கடிதத்திலேயே பழுப்புத் தூள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைப் படித்தேன், தாண்டிப் போய்விட்டேன். ஒரு ஆணியை எடுத்துக் குத்திப் பாருங்கள் என்று எழுதியிருந்தால் போதும். இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் வகுப்பைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு. இந்த முறை "ஆடுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மணியைப் பார்க்கிறேன். பிள்ளைகள் வர ஆரம்பித்திருப்பார்கள். ஜன்னலில் இருக்கிற ஊழியர், "உக்காருங்கம்மா, வந்தா கூப்பிடறேன்" என்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேறு கொடுத்தார்.

கடைசி ஆட்டத்தில் எல்லாரும் ஒன்றாகக் குதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கூப்பிடுகிறார், லைன்


ஜூலை 15

பூஞ்சைக்காரி,

பாதியில் நின்ற உன் கடிதம் நேற்று வந்தது. தந்தி அதற்கு முந்தின நாள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர், "அவசரம்னு போட்டிருக்கும்மா" என்று மூச்சு வாங்கினார். பாவம், அவரை என்ன சொல்வது.

போனில் பேசியது உனக்குத் தெரியும். நீ கேட்காத பாதியைச் சொல்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் தெருவிலிருந்து கத்தியபோது பிள்ளைகள் கடைசி ஆட்டத்தை ஒரு தடவை பழகிப் பார்க்க வரிசையில் நின்றிருந்தார்கள். பெற்றோர்கள் மழைக்கு ஒதுங்கி, கீழே தையற்கடையில், அந்த உத்திரத்துக்கு நேர் அடியில் நின்றிருந்தார்கள். "நான் வர வரைக்கும் யாரும் ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். மறுபடி ஆரம்பித்துவிட்டாள், நல்ல நாள் பார்த்து ஆரம்பித்துவிட்டாள் என்று போனை வைக்கத்தான் போனேன். அப்போது நீ, "அண்ணி, நான் சொன்னது தப்பு" என்றாய்.

இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அதற்கு மேல் நீ சொன்ன காரணம் எதுவும் காதில் ஏறவில்லை. "குளியலறைப் பக்கம் போகாம, தெருப்பக்கமா, ஒவ்வொருத்தரா" என்றது மட்டும் ஏறியது.

நம் தையற்கடைக்குள் போய் உன் அண்ணனிடம், "எல்லாரையும் எதிர்த்த கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. எதுவும் கேக்காதீங்க" என்றேன். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். எதுவும் கேட்காமல் அவர் ஒரு வேலை செய்தது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

மாடி ஏறினேன். கதவில் நின்று பார்த்தால், காத்திருந்து சலித்த குட்டிகள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கின்றன. நான் கத்தினால் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். ஓடினால் என்ன ஆகும்? சிரித்த முகமாக, "ஒரு புது ஆட்டம். பூனை நடை. யார் கால் சத்தம் எனக்குக் கேக்குதோ அவங்க தோத்தாங்க" என்றேன். தெருப்பக்கச் சுவரை ஒட்டி, ஒருத்தி படி இறங்கி முடித்த பிறகுதான் அடுத்தவள். குட்டிகள் நாக்கைக் கடித்துக்கொண்டு நுனிக்காலில் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் என்னைத் தாண்டும்போது, "கேட்டுச்சா டீச்சர்?" என்று கண்ணாலேயே கேட்டாள். தலையை ஆட்டினேன். பலகை எனக்குக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. தரை மூச்சு விடுகிறது என்று சொன்னாளே, அந்தக் குட்டிதான் கடைசி. அவள் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். தளம் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் தெருவில் நான் பட்ட பாடு வேறு. மழையில் நின்று கூட்டமாகக் கேட்கிறார்கள், "என்னம்மா ஆச்சு? ஒண்ணும் ஆகலையே!" பயப்படாதீர்கள் என்று வீட்டுக்குப் போய் அழைத்தவளும் நான், இறக்கிவிட்டவளும் நான். ஒரு பெண்ணின் அப்பா, வங்கிக்காரர், நான் தடுக்கத் தடுக்க, "புள்ளையோட பை மேல இருக்கு" என்று விடுவிடுவென்று ஏறிவிட்டார். பைகள் குளியலறைப் பக்கத்து அலமாரியில் இருந்தன.

பெரிய சத்தம் எல்லாம் இல்லை. ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கீழே கடைக்குள் திம்மென்று ஒன்று. பழுப்புப் புழுதி வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தது. வங்கிக்காரர் இடுப்பு வரைக்கும் தளத்துக்குள் போய், குளியலறைக் கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். நீலம் வந்ததால் நாம் மாற்றிய அந்தப் புது நிலை. அதைப் பிடித்துத்தான் பிழைத்தார். கணுக்கால் முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. நேற்றுப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று தயாராகப் போனால், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாப் புள்ளைங்களும் அதுமேலயா நின்னுதுங்க?" என்று அதையே கேட்டார்.

கடைக்குள் போய்ப் பார்த்தோம். உத்திரத்தின் முனை சுவரை விட்டுக் கழன்று உன் அண்ணனின் நாற்காலி மேல் இறங்கியிருந்தது. நாற்காலி இருந்த இடம் தெரியவில்லை. அதன் முதுகில் அவர் மாட்டி வைத்திருந்த அளவு நாடா மட்டும் ஒரு நுனி வெளியே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "பட்டனுக்குக் காஜா போட்டுட்டு எழுந்திருக்கலாம்னு நினைச்சேன்" என்றார். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் முதலில் மேலே பார்க்கிறார்.

உடைந்த துண்டில் உன் மருந்தை மறுபடி வைத்துப் பார்த்தேன். இப்போதும் நீலம் வரவில்லை. உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அந்த வார்த்தையைச் சொன்னாயே என்று நினைத்தால் அழுகை வருகிறது. இரண்டும் இருக்கிறது, எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன். பின்பக்கம் சரக்கு வைக்கிற அறை சிமெண்டுத் தரை, அடியில் மண்தான். அங்கே வகுப்பை வைத்தேன். பிள்ளைகள் வந்தார்கள், பாதிக்கு மேல் வந்தார்கள். வந்து வரிசையில் நின்றார்கள். ஆனால் ஒருத்தியும் காலை மிதிக்கவில்லை. எல்லாரும் நுனிக்காலில் நிற்கிறார்கள். "இங்க மிதிக்கலாமா டீச்சர்?" என்று அந்தக் குட்டி கேட்டாள். "தாராளமா மிதி, இது சிமெண்டு" என்றேன். "நீங்க முதல்ல மிதிங்க" என்றாள்.

காலைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை. சிமெண்டு என்று தெரிகிறது, அடியில் மண் என்று தெரிகிறது, கால் இறங்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வகுப்பு இப்படியே போயிற்று.

நீ வா. பாட்டில் ஒன்றும் கொண்டுவராதே. ஒரு ஆணியோ சுத்தியலோ எடுத்து நீயே அந்தத் தரையைக் குத்திப் பார், சுவரைத் தட்டிப் பார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பார்த்துவிட்டு என் பக்கத்தில் நின்று, "மிதிங்க அண்ணி" என்று சொல். போன தடவை தப்பாகச் சொன்னவள் நீதான், எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் நீ சொன்னால்தான் இந்தக் கால் இறங்கும்.

அண்ணி